கோட்டின் வெளி ஓரம்

ஏழு, ஒன்று, ஒன்பது, மூன்று. இந்த நாலு எண் மட்டும் கல்லில் வெட்டினதுபோல நினைவிருக்கிறது. பதினோரு நாளைக்கு முன்னால் கேஸ் சிலிண்டர்காரர் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணினார். "அக்கா, மெசேஜுல ஒரு நம்பர் வந்திருக்குமுங்க, அதைச் சொன்னீங்கன்னா எறக்கி வச்சுட்டுப் போயிருவனுங்க." நான் இதே கூடைப்பந்து ஸ்டேடியத்தில், இதோ கண்ணுக்கு முன்னால் பளபளக்கிற இதே மரத்தரையில், முட்டி போட்டு உட்கார்ந்து மூன்று பாயிண்ட் வளைவுக்கு ஒட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியைத் தேடி, மெசேஜைத் தேடி, ஏழு ஒன்று ஒன்பது மூன்று என்று சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ஆமாம் என்றேன். அப்புறம் குனிந்து விட்ட இடத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்தேன். பென்சில் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒட்டினேன்? அதுதான் நினைவில்லை. வெளிப்பக்கமா, உள்பக்கமா. இந்தக் கேள்வி பத்து நாள் எங்கே போய்ப் படுத்திருந்ததோ, இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். பஸ்ஸிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது, இப்போது கேலரியின் இரண்டாவது படியில் என்னோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யாரும் வருவதற்குள் ஓசைப்படாமல் நானே அளந்து பார்த்துவிடலாம் என்று எட்டரைக்கே ஓடிவந்தேன். வந்தால், ஹெப்சிபா எட்டு மணிக்கே வந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸ் போட்ட காலோடு தரையில் நடந்துகொண்டிருக்கிறாள். லீக் அனுப்பிய அதிகாரி. அவள் அளந்து கையெழுத்துப் போட்டால்தான் நாளைக்குச் சாயங்காலம் இங்கே முதல் ஆட்டம். அவள் அளக்கும்போது கோடு போட்டவர் அளவு டேப்பைத் தொடக்கூடாது என்பது சட்டம். மனசுக்குள்தான் அவள் இவள். நேரில் அக்கா, வாங்க, போங்க எல்லாம் உண்டு.

எந்தப் பக்கம் ஒட்டினால் என்ன என்று வெளியாட்கள் கேட்பார்கள். கோட்டின் அகலம் ஐந்து சென்டிமீட்டர், அதுதான் விஷயம். வளையத்துக்கு நேர்கீழே தரையில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து வளைவுக் கோட்டின் வெளி ஓரம் வரைக்கும் ஆறு மீட்டர் எழுபத்தைந்து. உள் ஓரம் வரைக்கும் இல்லை, வெளி ஓரம் வரைக்கும். அதாவது பென்சிலால் ஆறு எழுபத்தைந்தில் ஒரு வளைவு வரைந்தால், பெயிண்ட் அதற்கு உள்ளே விழவேண்டும், ஒட்டு டேப் அதற்கு வெளியே போகவேண்டும். வளைவுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று பாயிண்ட். பந்து போடுகிறவளின் கால் அந்தக் கோட்டில் நூலிழை பட்டாலும் மூன்று கிடையாது, ரெண்டுதான். ஆனால் வளையத்தடியில் சின்னதாக ஒரு அரைவட்டம் இருக்கிறதே, அதற்கு அளவு உள் ஓரம் வரைக்கும். அங்கே பெயிண்ட் பென்சில் கோட்டுக்கு வெளியே விழவேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரே தரையில் ரெண்டு சட்டம். தெற்குப் பக்கம் எனக்குச் சந்தேகமே இல்லை, பெரிய வளைவை முடித்துவிட்டுத்தான் சின்னதற்குப் போனோம். வடக்குப் பக்கம்தான் வினை. நடுவட்டத்தில் நொய்யல் நாரைகள் அணியின் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நிற்கிறது. அணி ஆபீஸிலிருந்து வந்த பெண், நாரையின் சிறகு வடக்கு வளைவைத் தொடுகிற மாதிரி வேண்டும், டிவியில் பார்க்க நன்றாக இருக்கும் என்றாள். டிவியில் கோடு தெரியவேண்டாமா கண்ணு, நாரையா மேட்ச் ஆடப்போகுது என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது, கடைசியில், சரி, ஒரு முழம் தள்ளியே நிற்கட்டும் என்று சமாதானம் ஆனோம். அந்தச் சிறகுக்கு அடித்த நீலச் சாயம் காய ஒரு பகல் ஆகும் என்பதால் வடக்கே சின்ன அரைவட்டத்தை முதலில் போட்டோம். கை சின்னதின் பழக்கத்திலேயே பெரியதற்கு வந்தது. நடுவில் சிலிண்டர்காரர்.

ஐந்து சென்டி பிசகினால் கண்ணுக்குத் தெரியாதா என்றால், தெரியாது. வளைவு முடிந்து நேர்கோடாக மாறுகிற இடம் ஒரு சாண் தள்ளிப் போகும், அவ்வளவுதான். என் கை அதைத் தானாகவே சமாளித்து வழவழவென்று சேர்த்திருக்கும். இருபது வருஷம் தொழில் செய்த கை தப்பையும் அழகாகச் செய்யும், அதுதான் பயம். இங்கிருந்து கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன். வடக்கே சேருகிற இடம் தெற்கைவிடத் தள்ளியிருக்கிற மாதிரி இருக்கிறது. தலையைச் சாய்த்தால் இல்லாத மாதிரி இருக்கிறது. தரை வேறு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மூன்று கோட் வார்னிஷ். சிமெண்ட் தரை என்றால் ராவி எடுத்து மறுபடி போட்டுவிடலாம், நாலு மணி நேர வேலை. மரத்தில் பெயிண்ட் வார்னிஷுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் வடக்குப் பாதி முழுக்க மிஷினால் இழைத்து, மறுபடி வரைந்து, மறுபடி மூன்று கோட், ஐந்து நாள் யாரும் கால் வைக்கக்கூடாது. ஐந்து நாள் எங்கே இருக்கிறது? ஆட்டம் பெங்களூருக்குப் போய்விடும். ஏன் அன்றைக்கே அளந்து பார்க்கவில்லை என்றால், அளந்து பார்க்கிற ஆள்தான் நான், எல்லாக் கோட்டையும் மறுதரம் அளக்காமல் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவிடாத ஆள். அன்றைக்கும் அளந்தேனா? அளந்திருப்பேன். அளந்திருப்பேன் என்பது வேறு, அளந்தேன் என்பது வேறு. அளந்த காட்சி ஒன்று கண்ணுக்குள் வருகிறது, ஆனால் அதில் தரை பச்சையாக இருக்கிறது, அது போன மாசம் ஈரோட்டில் போட்ட தரை.

"அண்ணாச்சி, நீங்க வந்து இந்த முனையப் பிடிங்க" என்று ஹெப்சிபா கூப்பிடுகிறாள். என்னோடு வேலை செய்தாலும் பெயிண்ட் கலப்பதோடு சரி, கோட்டில் கை வைக்காத சென்னியப்பண்ணன் போண்டாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போகிறார். "ஏட்டி கோகிலா, நீ அங்கனயே இரி. உன்ன நம்பாம இல்ல, சட்டம்." நான் தலையை ஆட்டுகிறேன். சிரிக்கவும் செய்கிறேன், பல்லில் பசை ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்னவோ. சட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலேஜ் ஹாஸ்டலில் ஆறு மணிக்குப் பிராக்டிஸ் என்றால் ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவாள். தூத்துக்குடியிலிருந்து கருவாடு கொண்டுவந்து வார்டனுக்குத் தெரியாமல் பெட்டிக்கடியில் வைத்திருந்தவள்தான், ஆனால் கோர்ட்டுக்குள் வந்துவிட்டால் ஷூ லேஸ் நுனி தொங்கினாலும் திட்டுவாள். எனக்கு ஒரு வருஷம் சீனியர், எங்கள் கேப்டன். இன்றைக்கும் பழைய ஆட்டக்காரிகள் வாட்ஸப் குரூப்பில் என் பெயர் கோகிலாமணி இல்லை, கட்டைவிரல். பெயர் வைத்தது யார் என்று சரியாக ஞாபகமில்லை, ஆனால் முதலில் என் கால் கட்டைவிரலைப் பார்த்தது ஹெப்சிபா. தொண்ணூற்று ஒன்பது, திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி, வெட்டவெளி சிமெண்ட் கோர்ட், மத்தியானம் மூன்றரை மணி வெயில். நாங்கள் ஐம்பத்தெட்டு, அவர்கள் அறுபத்தொன்று. நாலு செகண்ட் பாக்கி. ஹெப்சிபா ரெண்டு பேருக்கு நடுவிலிருந்து பந்தை எனக்குத் தள்ளினாள், வாங்கினேன், எழும்பினேன், விட்டேன். கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது, விழும் என்று. வலையில் சத்தம்கூட வரவில்லை. நான் கத்திக்கொண்டு திரும்பினால் நடுவர் ரெண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ரெண்டு. கோட்டை மிதித்துவிட்டாளாம். அறுபத்தொன்று, அறுபது. ஹெப்சிபா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலதுகால் ஷூவின் நுனியைப் பார்த்தாள். "கோட்டப் பாத்து நிக்கக் கூடாதாட்டி" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்த வருஷத்தோடு அவள் படிப்பு முடிந்தது. அவள் ஆடிய கடைசி ஆட்டம் அது.

"முப்பது வயசு வரைக்கும்" என்று யாரிடமாவது சொல்ல ஆரம்பித்து நிறுத்தியிருக்கிறேன். முப்பது வயசு வரைக்கும் செருப்புக் கடைக்குப் போனால் என் வலதுகால் கட்டைவிரலைப் பார்க்காமல் வரமாட்டேன். கொஞ்சம் நீளம்தான். எங்கப்பா காலும் அப்படித்தான். விரல் என்ன செய்யும், பாவம். கோடு போடுகிற தொழிலுக்கு நான் வந்ததே அந்த விரலால்தான் என்று சில சமயம் தோன்றும், சில சமயம் இது சும்மா கதை, வேலை கிடைக்காமல்தான் வந்தேன் என்றும் தோன்றும். ரெண்டும் உண்மையாக இருக்கலாம்.

தெற்கே அளக்கிறார்கள். வளையத்தின் நடுவிலிருந்து நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு ஆடி ஆடி அடங்குகிறது, அதன் நுனி தொடுகிற இடத்தில் சென்னியப்பண்ணன் டேப்பின் முனையை வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஹெப்சிபா டேப்பை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, குனிந்து, "ஆறு எழுபத்தஞ்சு" என்கிறாள். வளைவில் இன்னும் ரெண்டு இடம். "ஆறு எழுபத்தஞ்சு. ஆறு எழுபத்தஞ்சு." ஃபாரத்தில் எழுதுகிறாள். அப்புறம் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்து, "தரை நல்லாருக்குட்டி. கண்ணுக்கு எதமா இருக்கு" என்கிறாள். வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு வார்த்தையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டிருப்பேன். எதமாகத்தான் இருக்கிறது. மற்ற உள்ளரங்குகளில் ஒரே தரையில் பேட்மிண்டனுக்குப் பச்சை, வாலிபாலுக்கு மஞ்சள், கபடிக்குச் சிவப்பு என்று கோடுமேல் கோடாக, சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கும். இங்கே ஒரே ஒரு ஆட்டம், வெள்ளைக் கோடு. வளையத்தடிக் கட்டம் மட்டும் கருநீலம், மற்றதெல்லாம் மரத்தின் சொந்த நிறம். முதல் நாள் பலகைகளைக் கோத்து முடித்தபோது வெறும் தரையைப் பார்த்து நான் மூச்சே விடாமல் நின்றேன். இதன்மேல் முதல் கோடு போடுகிற ஆள் நான். ஏழு, ஒன்று, ஒன்பது, மூன்று. சீ, போ.

யாருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே கல்லூரியிலிருந்து, அதே சிமெண்ட் கோர்ட்டைச் சுரண்டிப் புதுசாகப் போட்டுத் தரச்சொல்லி எனக்கே ஆள் அனுப்பினார்கள். போனேன். மேலே நீலப் பூச்சு, அது பொக்கை பொக்கையாகப் பெயர்ந்து கிடந்தது, அதற்கு அடியில் எங்கள் காலத்து வெள்ளைக் கோடு. அப்போதைய சட்டத்தில் வளைவு ஆறு இருபத்தைந்துதான். தரை சுரண்டுகிற கிரைண்டர் வரும்வரை சும்மா இருக்கமாட்டாமல் டேப்பை எடுத்து அளந்தேன். வெளி ஓரம் ஆறு முப்பது. டேப் சொருகிக்கொண்டதோ என்று மறுபடி அளந்தேன். ஆறு முப்பது. உள் ஓரம் கச்சிதமாக ஆறு இருபத்தைந்து. மூன்றாம் தரமும் அளந்தேன், அதேதான். போட்டவர் பென்சில் கோட்டுக்குத் தப்பான பக்கம் பெயிண்ட் அடித்திருக்கிறார். நான் நின்றது சரியான இடம். கோடுதான் ஐந்து சென்டி வெளியே வந்து என் காலை மிதித்திருக்கிறது. அந்த வெயிலில், சூடேறிய சிமெண்டில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்பு எப்போது அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. சென்னியப்பண்ணன், "அம்மிணி, வெயில் தாக்கிருச்சா" என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். ஆமாங்ண்ணா என்றேன். போட்டோகூட எடுக்கவில்லை. கிரைண்டர் வந்தது, கோடு தூளாகி, துடைப்பத்தில் ஏறி, குப்பைக்குப் போனது. ஹெப்சிபாவிடம் சொல்ல ஆறு வருஷமாக வாய் வரவில்லை. சொன்னால் சாக்கு என்றுதானே கேட்கும்? இருபது வருஷம் கழித்து ஒருத்தி போன் பண்ணி, அக்கா, என் விரல் தப்பில்லை, கோடுதான் தப்பு என்றால், ஆடத் தெரியாதவள் தரை கோணல் என்றாளாம் என்றுதானே நினைப்பாள். பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தக் கோடு போட்டவனை மட்டும் மனசுக்குள் அன்றாடம் திட்டினேன். கண் அவிந்தவனே, உனக்கு ஐந்து சென்டி, எனக்கு இருபது வருஷம். இன்றைக்குப் பஸ்ஸில்தான் முதல்முறையாக அவனைப் பற்றி வேறு மாதிரி நினைத்தேன். அவனும் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் காலத்தில் செல்போன் இல்லை. யாராவது டீ ஆறுது வாய்யா என்று கூப்பிட்டிருப்பார்கள்.

வடக்கே போகிறார்கள். நாரையின் மேல் மிதிக்காமல் சென்னியப்பண்ணன் சுற்றிக்கொண்டு போகிறார், அது என்ன உயிருள்ள பறவையா. எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, துப்பட்டாவில் துடைக்கிறேன், மறுபடி வேர்க்கிறது. இது என் பெயர் கெடுகிற விஷயம் மட்டும் இல்லை. பெயர் கெட்டால் நாலு மாசம் தலையைக் குனிந்துகொண்டு நடக்கலாம், அப்புறம் ஊருக்கு வேறு கதை கிடைத்துவிடும். யாரும் அளக்காமல் விட்டிருந்தால்? நாளைக்கோ நாளை மறுநாளோ, இருபது வயசுப் பெண் ஒருத்தி, நாலு செகண்ட் பாக்கி, எழும்பி விடுவாள், பந்து வலையில் சத்தமில்லாமல் இறங்கும், திரும்புவாள், ரெண்டு விரல். அவளுக்கு ஒரு கேப்டன் இருப்பாள். அந்தப் பெண் முப்பது வயசு வரைக்கும் செருப்புக் கடையில் தன் விரலைப் பார்ப்பாள். நான் செய்திருக்கிறேனா அதை? என் கையால்? கடவுளே, மருதமலை முருகா, கோடு சரியாக இருந்தால் படியேறி வருகிறேன். முருகனுக்கு அளவு டேப் எதற்கு என்று ஒரு நினைப்பு குறுக்கே வருகிறது, சிரிப்பு வேறு வருகிறது, இந்த நேரத்தில்.

குண்டு ஆடுகிறது. அடங்க மாட்டேன் என்கிறது. அடங்கிவிட்டது. சென்னியப்பண்ணன் முனையை வைக்கிறார். ஹெப்சிபா டேப்பை இழுத்துக்கொண்டு நாரையின் சிறகுப் பக்கமாக, வளைவின் உச்சிக்கு, பின்னாலேயே நடந்து வருகிறாள். குனிகிறாள். குனிந்தே இருக்கிறாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கிறாள். "ஆறு எண்பது" என்கிறாள். காது அடைத்துக்கொண்டது. எழுபத்தைந்தும் ஐந்தும் எண்பது. ஒரு கோட்டின் அகலம். கச்சிதமாக ஒரு கோட்டின் அகலம். நான் எப்போது எழுந்தேன், எப்போது படியிறங்கினேன் என்று தெரியாது, செருப்போடு தரைக்குள் கால் வைக்கப் போய், செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலோடு அவள் முன்னால் நிற்கிறேன். "அக்கா, தப்பு என்னுதுங்க்கா. டேப்பை மாத்தி ஒட்டிப்போட்டேன். போன் வந்துச்சுங்க, சிலிண்டர்காரருங்க, நம்பர் கேட்டாருங்க. சின்ன வட்டத்தப் போட்ட கையோட இதுக்கு வந்துட்டனுங்க்கா. அண்ணன் மேல எல்லாம் தப்பில்லீங்க, நான்தான்." ஹெப்சிபா நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். "எந்த சிலிண்டரு?" என்கிறாள். "கேஸ் சிலிண்டருங்க்கா." "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? நான் இன்னும் முடிக்கல. மூணு இடம் அளக்கணும். தள்ளி நில்லு." தள்ளி நிற்கிறேன். வார்னிஷ் தரை உள்ளங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு இந்தக் குளிர்ச்சி ஏன் இவ்வளவு நன்றாக இருக்கவேண்டும்? அவள் ஓரத்துக்குப் போகிறாள், வளைவு நேர்கோடாக மாறுகிற இடத்துக்கு. இழுக்கிறாள். "ஆறு எழுபத்தாறு" என்கிறாள். அப்புறம் எனக்கில்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "இது என்ன கூத்து?"

எழுபத்தாறு. எழுபத்தாறா? உச்சியில் எண்பது, ஓரத்தில் எழுபத்தாறு. நான் டேப்பை மாற்றி ஒட்டியிருந்தால் எங்கே அளந்தாலும் எண்பதுதானே வரவேண்டும். வட்டம் வட்டம்தானே. உச்சியில் மட்டும் நீண்டு ஓரத்தில் நீளாமல் இருந்தால், வளைவு நகரவில்லை. மையம் நகர்ந்திருக்கிறது. மையம் என்பது குண்டு, குண்டு என்பது வளையம், வளையம் என்பது சக்கரம் வைத்த கம்பம். "அக்கா, வளையத்தைப் பாருங்க" என்கிறேன், குரல் கீச்சென்று வருகிறது. "எல்லைக் கோட்டுல இருந்து குண்டு எவ்வளவு தூரம்னு பாருங்க. ஒண்ணு ஐம்பத்தேழரை இருக்கோணும்." ஹெப்சிபாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. முனையைத் தானே வாங்கி, எல்லைக் கோட்டின் உள் ஓரத்தில் வைத்து, முட்டி போட்டுப் பார்க்கிறாள். "ஒண்ணு ஐம்பத்திரண்டரை." ஐந்து சென்டி. கம்பம் ஐந்து சென்டி பின்னால் நிற்கிறது. சென்னியப்பண்ணன் நெற்றியில் அடித்துக்கொள்கிறார். "அட, நேத்துக் கூட்டற பொம்பளைங்க தள்ளி உட்டுக் கூட்டுனாங்களே மேடம், திருப்பி வெக்கறப்ப அடையாளத்தைத் தாண்டி வெச்சுட்டாங்களாட்ட இருக்குது." தரையில் கம்பத்தின் சக்கரத்துக்கு நானே ஒட்டிவைத்த கறுப்பு அடையாளம், சக்கரத்துக்கு முன்னால் அனாதையாகத் தெரிகிறது. மூன்று பேருமாகக் கம்பத்தைத் தள்ளினோம். அசைய மாட்டேன் என்றது, அப்புறம் ஒரே தள்ளில் கூடுதலாக வந்தது, இழுத்தோம், அடையாளத்தில் உட்கார்ந்தது. குண்டு ஆடி ஆடி அடங்கிற்று. ஹெப்சிபா பின்னாலேயே நடந்து போய்க் குனிந்தாள். "ஆறு எழுபத்தஞ்சு." இன்னொரு இடம். "ஆறு எழுபத்தஞ்சு." ஓரம். "ஆறு எழுபத்தஞ்சு." மூன்று தடவையும் அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது, எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்டது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிம்மதி என்றால் என்னவோ பெரிதாக வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது பசி. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கு ஞாபகம் வந்தது. டேப்பை எந்தப் பக்கம் ஒட்டினேன் என்பது இப்போதும் நினைவுக்கு வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை, கை சரியாகத்தான் ஒட்டியிருக்கிறது, நான் போனில் இருந்தாலும் கை வேலையில் இருந்திருக்கிறது. இந்தக் கையைத்தான் காலையிலிருந்து சந்தேகப்பட்டேன், பாவம். சென்னியப்பண்ணன் எதுவும் கேட்காமல் பொட்டலத்தை நீட்டுகிறார், அதில் இன்னும் ஒரு போண்டா இருக்கிறது. தரையில் எண்ணெய் சொட்டக்கூடாது என்று எல்லைக் கோட்டுக்கு வெளியே நகர்ந்து உட்கார்ந்து தின்றேன். ஹெப்சிபா ஃபாரத்தை எழுதி முடித்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அளந்து முடிக்கும் முன்னாலயே தப்பு என்னுதுன்னு ஓடி வார ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள். "எல்லாவனும் ஒன் டேப்பு சரியில்லைன்னுதான் சண்டைக்கு வருவான். ஏன்ட்டி அப்பிடி நடுங்கின?"

சொல்லிவிட்டேன். வாயில் போண்டாவோடு ஆரம்பித்துவிட்டேன். திருச்சிப் பக்கத்துக் கோர்ட், நீலப் பூச்சு, வெள்ளைக் கோடு, ஆறு முப்பது, மூன்று தரம் அளந்தது, கிரைண்டர், எல்லாம். சாட்சி இல்லீங்க்கா, போட்டோ இல்லீங்க்கா, நம்பினா நம்புங்க என்றேன். ஹெப்சிபா சாக்ஸ் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். "அறுபத்தொண்ணு, அறுபத்தொண்ணு" என்றாள் மெதுவாக. "ஆமாங்க்கா. ஜெயிச்சிருப்போம்னு சொல்லல. தோத்திருக்க மாட்டோம்." "ஆறு வருசமா இத வயித்துல வச்சிருந்தியாட்டி?" "ஆமாங்க்கா." "நீ ஒண்ணும் கட்டைவிரல் இல்லட்டி, நான்தான் பெரிய கேப்டன்னு ஒரு வெண்டைக்காயி. உன் கால அன்னைக்கு அப்பிடிப் பாத்திருக்கக் கூடாது நான்" என்றாள். அவள் கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்கிற மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறம் சட்டென்று எழுந்து, பிராக்டிஸுக்கு வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் மடியில் எறிந்தாள். "எந்திரி. போய் நில்லு."

வேண்டாங்க்கா, நாற்பத்தாறு வயசுங்க்கா, முட்டி போச்சுங்க்கா, எதுவும் எடுபடவில்லை. வடக்கு வளைவின் உச்சியில், நாரையின் சிறகுக்கு முன்னால், வெறுங்காலோடு நின்றேன். பந்து முன்னைவிடக் கனமாக இருந்தது. ஹெப்சிபா பக்கவாட்டில் ரெண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வளையத்தைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டைக் குனிந்து பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று ஒரு வீம்பு. எழும்பினேன் என்று சொல்லமுடியாது, குதிகால் கொஞ்சம் கிளம்பியது. விட்டேன். பந்து வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே இறங்கி, தரையில் தட்டித் தட்டி எல்லைக் கோட்டைத் தாண்டி உருண்டது. சென்னியப்பண்ணன் அதற்கும் கை தட்டினார். திரும்பினேன். ஹெப்சிபா ரெண்டு விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் சிரிப்பே இல்லை, அந்த நடுவர் மாதிரியே. குனிந்து பார்த்தேன். என் வலதுகால் கட்டைவிரல், அப்பாவின் நீள விரல், வெள்ளைக் கோட்டின்மேல் நன்றாகவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. "ரெண்டுங்க்கா" என்றேன், "ரெண்டேதான்." எனக்கு வந்த சிரிப்பில் பேச்சு அதற்குமேல் வரவில்லை. ஹெப்சிபா விரலை இறக்கிவிட்டு, ஃபாரத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனாள்.